கட்டிப்போட்ட மைட்டோகாண்ட்ரியா

பள்ளிப் புத்தகத்தில் வரும் செல் படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். நடுவில் உருண்டையாக உட்கரு, சுற்றிலும் வெளிறிய கூழ், அந்தக் கூழில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அவரைக்கொட்டைகள். கொட்டைக்குள் நெளிநெளியாக ஒரு கோடு. பக்கத்தில் அம்புக்குறி போட்டு ‘மைட்டோகாண்ட்ரியா: செல்லின் ஆற்றல் நிலையம்’ என்று எழுதினால் மதிப்பெண் வந்துவிடும்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாலை வேளைகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் படத்தை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சில மாதங்களுக்கு முன் அதை வரைந்துவிட்டுக் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தபோது, காசிமேட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “மிஸ், தசை சுருங்கும்போது இதெல்லாம் நசுங்கிப்போகாதா?”

அவள் அம்மா மீன்பிடித் துறைமுகத்தில் கூடை சுமப்பவர். தலையில் சும்மாடு, அதன்மேல் மீனும் ஐஸும் நிறைந்த கூடை. குந்தியிருந்து எழும்போது கெண்டைச்சதை கல்லாக இறுகுவதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் அவள். அந்த இறுக்கத்துக்குள் கூழில் மிதக்கும் கொட்டைகள் எப்படித் தப்பும் என்று அவளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

அன்றைக்குப் பாதி பதில்தான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தசையில் மைட்டோகாண்ட்ரியா மிதப்பதில்லை. கட்டிப்போடப்பட்டிருக்கிறது. எதைக் கொண்டு, எந்த இடத்தில், எதற்காகக் கட்டியிருக்கிறது என்று பார்த்தால், தசை தன் ஆற்றலை எப்படி நிர்வகிக்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

முதலில் கூழ் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். தசைச் செல் உருண்டையானதல்ல, நூல் போன்றது. தடிமன் தலைமுடி அளவு, பல இடங்களில் அதையும்விடக் குறைவு. நீளமோ சில தசைகளில் பல சென்டிமீட்டர் வரை போகும். அந்த நூலுக்குள் இறுக்கிக் கட்டிய விறகுக்கட்டைப் போல, இன்னும் மெல்லிய நுண்ணிழைகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் தடிமனும் சுமார் 1 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நுண்ணிழை நெடுக, கரும்பில் கணு விழுந்ததைப் போல, 2 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் குறுக்குக் கோடுகள் வரும். அவற்றுக்கு இசட் கோடுகள் என்று பெயர். இரண்டு இசட் கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு கணுவிடைதான் சார்கோமியர். கோட்டிலிருந்து உள்நோக்கி நீளும் மெல்லிய இழைகள் ஆக்டின், நடுவில் கிடக்கும் தடித்த இழைகள் மையோசின். மையோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. இசட் கோடுகள் நெருங்குகின்றன. ஒரு கூடையைத் தூக்குவது என்றால் இந்தச் சின்ன இழுப்பு கணக்கற்ற முறை நடப்பதுதான்.

இழுத்த தலை பிடியை விட்டு அடுத்த இழுப்புக்குத் தயாராக வேண்டுமானால், அதற்கு அடினோசின் ட்ரைபாஸ்பேட் மூலக்கூறு ஒன்று வந்து சேர வேண்டும். அது வராவிட்டால் பிடி விடாது. ஐஸில் வைத்த மீன் சில மணி நேரத்தில் கட்டையாக விறைப்பதற்கு அதுவே காரணம். குளிர் அல்ல, பிடியை விடுவிக்க ஆள் வராததுதான் காரணம்.

இந்த மூலக்கூறைத் தமிழில் எழுதுவதில் ஒரு வம்பு இருக்கிறது. மூன்று பாஸ்பேட் கொண்ட அடினோசின் ட்ரைபாஸ்பேட்டைச் சுருக்கினால் ஏடிபி. அதில் ஒரு பாஸ்பேட் செலவான பிறகு மிஞ்சும் அடினோசின் டைபாஸ்பேட்டைச் சுருக்கினாலும் ஏடிபி! விடைத்தாள் திருத்துகிறவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதனால் என் வகுப்பில் முதலாவதற்கு நிறை கிளாஸ் என்றும் இரண்டாவதற்குக் காலி கிளாஸ் என்றும் பெயர் வைத்துவிட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பெயர் துறைமுகத்து டீக்கடையிலிருந்து வந்தது. விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். படகிலிருந்து இறங்கியவர்கள், ஏலம் எடுப்பவர்கள், கூடைக்காரர்கள், மீன்பாடி வண்டிக்காரர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் அந்த ஒரு கடையில் டீ குடிப்பார்கள். கடையில் இருப்பதோ ஐம்பது, அறுபது கிளாஸ். குடித்த கிளாஸ் உடனுக்குடன் திரும்பி வந்து, அலம்பி, நிரம்பி மறுபடி போவதால்தான் வியாபாரம் ஓடுகிறது. நம் உடலும் அந்தக் கடைதான். ஒரு நாளில் நாம் செலவழிக்கும் நிறை கிளாஸ்களை எல்லாம் சேர்த்து நிறுத்தால் ஏறக்குறைய நம் உடல் எடைக்கு வரும். ஆனால் எந்த ஒரு கணத்திலும் கைவசம் இருப்பது அதில் மிகச் சிறு பங்குதான். முழு வேகத்தில் உழைக்கும் தசைக்குக் கையிருப்பு சில நொடிகளுக்கே தாங்கும். இதயத் தசையில் கையிருப்பு முழுவதும் சுமார் 10 நொடிக்கு ஒருமுறை செலவாகித் திரும்ப நிரம்புகிறது.

காலி கிளாஸை நிரப்புவதே மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. அதற்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உணவிலிருந்து கிடைத்த எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும் வழியில், ஹைட்ரஜன் அயனிகளை உட்சவ்வுக்கு வெளியே தள்ளித் தேக்குகிறது. தேங்கியவை திரும்ப உள்ளே பாயும் வழியில் சுழலும் ஒரு நொதி இருக்கிறது. அது சுழலச் சுழலக் கிளாஸ் நிரம்புகிறது. பீட்டர் மிட்செல் 1961-ல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் இதற்காகவே அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பகுதி எல்லாப் புத்தகத்திலும் விரிவாக இருக்கிறது என்பதால் இங்கே நிறுத்தி, புத்தகம் விட்டுவிடும் இடத்துக்குப் போகிறேன்.

‘ஆற்றல் நிலையம்’ என்ற உவமை எனக்குப் பிடிப்பதில்லை. எங்களுக்கு வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. அது அத்திப்பட்டில் இருந்தால் என்ன, வேறெங்கு இருந்தால் என்ன, வண்ணாரப்பேட்டையில் மின்விசிறியைப் போடுகிறவருக்குக் கவலையில்லை. கம்பி கொண்டுவந்து சேர்த்துவிடும். டீக்கடை அப்படியல்ல. ஏலம் நடக்கும் இடத்தை விட்டு நூறடி தள்ளி இருந்தால், அந்த நெரிசலில் ஆறு கிளாஸ் நிற்கும் கம்பித் தாங்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் எத்தனை முறை போய்வர முடியும்? மைட்டோகாண்ட்ரியா டீக்கடை இனத்தைச் சேர்ந்தது. எவ்வளவு நிரப்புகிறது என்பதைப் போலவே எங்கே உட்கார்ந்து நிரப்புகிறது என்பதும் முக்கியம்.

(கம்பி அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எலியின் எலும்புத் தசையில் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாக இருப்பதையும், அயனிகளைத் தேக்குவதால் உட்சவ்வில் எழும் மின்னழுத்தம் அந்த வலை வழியே பரவுவதையும் 2015-ல் காட்டினார்கள். ஆனால் பரவுவது மின்னழுத்தம்தான். டீயைக் கடைசி அடி வரை கையில்தான் கொண்டுபோக வேண்டும்.)

தூரம் ஏன் இவ்வளவு உறுத்துகிறது? செல்லுக்குள் மூலக்கூறுகள் நடப்பதில்லை, தடுமாறித் தடுமாறிப் பரவுகின்றன. அப்படிப் பரவும்போது தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். நிறை கிளாஸ் தசையில் தாராளமாக இருப்பதால் அது எப்படியோ சமாளித்துவிடும். உண்மையான சிக்கல் காலி கிளாஸ் திரும்புவதில். ஓய்வான தசையில் தனித்து உலவும் காலி கிளாஸின் அளவு நிறை கிளாஸில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு அரிதான ஒன்று, இழைகள் நெருக்கி நிற்கும் சந்துகளில் தடுமாறிக் கடைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த இழுப்புக்கு நேரமாகிவிடும். டீக்கடைக்காரர்களும் இதையே சொல்வார்கள்: பால் தீர்ந்து கடை நின்றதை விட, கிளாஸ் திரும்பாமல் நின்றதுதான் அதிகம்.

தசை இதற்கு இரண்டு வழிகள் வைத்திருக்கிறது. ஒன்று கைமாற்று. மற்றது கயிறு.

கைமாற்றைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியில் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற மாணவர் படித்தார். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதில் ஆங்கிலேயப் பேராசிரியருக்கு ஆகாமல் போய், முழு மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழ்ப்பட்ட சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போய், சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து தசையில் பாஸ்பரஸை அளக்கும் வேலையில் இறங்கினார். 1927-ல் அவர்கள் கண்டறிந்தது, கிரியேட்டின் என்ற சின்ன மூலக்கூறோடு ஒரு பாஸ்பேட் சேர்ந்த பாஸ்போகிரியேட்டின். 1929-ல் நம் நிறை கிளாஸையே பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டறிந்தார். அந்தக் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, நாம்தான் சொல்லவில்லை.

பாஸ்போகிரியேட்டினை நெடுநாள் வெறும் சேமிப்பு என்றே நினைத்தார்கள். சேமிப்புதான், நிறை கிளாஸைப் போல மூன்று, நான்கு மடங்கு அது தசையில் உண்டு. அதோடு அது ஒரு கைமாற்றுச் சங்கிலியும்கூட. நாலைந்து விசைப்படகுகள் பக்கம் பக்கமாக நிற்கும்போது, கடைசிப் படகிலிருக்கும் மீன் பெட்டியை ஒருவரே தூக்கிக்கொண்டு எல்லாப் படகையும் தாண்டி வரமாட்டார். படகுக்கு ஒருவர் நின்று கை மாற்றிக் கை மாற்றிக் கரைக்குச் சேர்ப்பார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு இடையே கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி நிற்கிறது. புதிதாக நிரம்பிய கிளாஸிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துக் கிரியேட்டினிடம் கொடுக்கிறது. காலியான கிளாஸ் அங்கேயே உள்ளே திரும்பிவிடுகிறது. மறுமுனையில், சார்கோமியரின் நட்டநடுவே, மையோசின் இழைகளைப் பிணைத்து நிற்கும் எம் கோட்டில் அதே வேலையைத் தலைகீழாகச் செய்யும் இன்னொரு வகை கிரியேட்டின் கைனேஸ் நின்று, பாஸ்பேட்டை வாங்கி அங்குள்ள காலி கிளாஸை நிரப்பித் தருகிறது. இடையில் போய்வருவது சின்ன உருவமும் பெரிய எண்ணிக்கையும் கொண்ட கிரியேட்டின். அரிதான கிளாஸ் நெரிசலுக்குள் அலைய வேண்டியதில்லை.

இனி கயிறு. செல்லுக்குள் மூன்று வகைப் புரத இழைகளால் ஆன ஒரு சட்டகம் உண்டு. ஆக்டின் ஒன்று, அதைப் பார்த்துவிட்டோம். டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்கள் இரண்டாவது. இவை இரண்டுக்கும் நடுத்தரமான தடிமனில் வருபவை இடைநிலை இழைகள். தசையில் அந்த வகையின் முதன்மைப் புரதத்துக்கு டெஸ்மின் என்று பெயர். ‘கட்டு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. டெஸ்மின் ஒவ்வொரு இசட் கோட்டையும் வளையமாகச் சுற்றி, பக்கத்து நுண்ணிழையின் இசட் கோட்டோடு பிணைத்து, அங்கிருந்து செல்லின் வெளிச்சவ்வு வரைக்கும், உட்கரு வரைக்கும் போகிறது. மைட்டோகாண்ட்ரியாவையும் அதுதான் பிடித்திருக்கிறது. பிளெக்டின் என்ற இன்னொரு புரதம் நடுவில் முடிச்சாக நின்று, ஒரு பக்கம் மைட்டோகாண்ட்ரியாவின் புறச்சவ்வையும் மறு பக்கம் டெஸ்மினையும் பற்றிக்கொள்கிறது.

இப்படிக் கட்டியதன் பலனை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். எலும்புத் தசையில் இசட் கோட்டுக்கு இப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று என மைட்டோகாண்ட்ரியாக்கள் இணை இணையாக நிற்கும். இதயத் தசையில் நுண்ணிழைகளுக்கு இடையிலான சந்துகளில், ஒரு சார்கோமியருக்கு ஒன்று என்ற கணக்கில், பெட்டி வைத்தாற்போல வரிசை பிடித்திருக்கும்; செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவைதான். 1857-லேயே கோலிகர் என்ற சுவிட்சர்லாந்து உடற்கூறியலாளர் தசையில் இந்த மணிகளைக் கவனித்து எழுதியிருக்கிறார். 1898-ல் கார்ல் பெண்டா சூட்டிய மைட்டோகாண்ட்ரியா என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் நூல், மணி என்று பொருள். அவரைக்கொட்டை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை!

மாணவியின் கேள்விக்கு இப்போது வரலாம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, இடையில் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். அலை வரும்போது எல்லாப் படகும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும், டயர்கள் கீச்சிடும். ஆனால் எந்தப் படகும் இடம் பெயராது. தசை சுருங்கும்போது நடப்பது இதுதான். இசட் கோடுகள் நெருங்க, இடையில் கட்டுண்ட மைட்டோகாண்ட்ரியாவும் நீளத்தில் குறுகி அகலத்தில் புடைக்கிறது. தசை தளரும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுங்குவது வேறு, நெளிந்துகொடுப்பது வேறு.

கயிறு அறுந்தால்? 1996-ல் டெஸ்மின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். பிறந்தன, நடமாடின. ஆனால் தசைக்குள் பார்த்தால் அலங்கோலம். வரிசையில் நின்ற மைட்டோகாண்ட்ரியாக்கள் செல்லின் ஓரத்தில், வெளிச்சவ்வுக்கு அடியில் குவிந்துகிடந்தன. எண்ணிக்கை பெருகியிருந்தது, பல வீங்கியிருந்தன, உள்மடிப்புகள் சிதைந்திருந்தன. புயலில் கயிறறுந்த படகுகள் துறைமுகத்தின் ஒரு மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூச்சுக்கான உதரவிதானம், உடல் எடையைத் தாங்கும் கெண்டைக்காலின் சோலியஸ் தசை, ஓயாத இதயம், இந்த மூன்றும்தான் முதலில் அடிபட்டன. அவற்றின் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவும் குறைந்துபோயிருந்தது. நீக்கியது ஒரு கயிற்றுப் புரதத்தின் மரபணுவை. ஆற்றல் தயாரிக்கும் எந்த நொதியையும் யாரும் தொடவில்லை. 1998-ல் மனிதர்களிலும் டெஸ்மின் மரபணுப் பிழையால் தசையும் இதயமும் நலியும் குடும்பங்கள் கண்டறியப்பட்டன.

சட்டகம் வெறும் கயிறு என்று இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. அது கொஞ்சம் துப்பறியும் கதை மாதிரி.

இதயத்திலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்துச் சோதனைக்குழாயில் போட்டு, காலி கிளாஸைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறோம் என்று வையுங்கள். மிகச் சிறிய செறிவிலேயே, 10 முதல் 20 மைக்ரோமோலாரிலேயே, அது தன் முழு வேகத்தில் பாதியை எட்டிவிடும். இப்போது அதே மைட்டோகாண்ட்ரியாவை அதன் வீட்டிலேயே வைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு இதய இழையைச் சபோனின் கரைசலில் சற்று நேரம் ஊறவைப்பார்கள். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை கட்டுகிறதே, அந்தக் குடும்பத்துப் பொருள்தான் சபோனின். அது கொழுப்பு வகையைச் சேர்ந்த கொலஸ்ட்ராலைத் தேடிப் பிடிக்கும். செல்லின் வெளிச்சவ்வில் கொலஸ்ட்ரால் அதிகம் என்பதால் அதில் ஓட்டை விழும். மைட்டோகாண்ட்ரியாவில் மிகக் குறைவு என்பதால் அது தப்பித்துக்கொள்ளும். இப்படி ஓட்டை போட்ட இழைக்குக் காலி கிளாஸைக் கொடுத்தால், பாதி வேகத்துக்கு வரவே சுமார் 300 மைக்ரோமோலார் தேவைப்படுகிறது. பதினைந்து முதல் முப்பது மடங்கு! வெளியே சுறுசுறுப்பாக இருந்த ஆள் வீட்டுக்குள் ஏன் இத்தனை மந்தம்?

புரதத்தை வெட்டும் ட்ரிப்சின் நொதியைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மந்தம் பெருமளவு போய்விட்டது. ஆக, சுற்றியிருக்கும் ஏதோ ஒரு புரதம் வாசலை மறிக்கிறது. எஸ்டோனியாவைச் சேர்ந்த வால்துர் சாக்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தினார்கள். 2008-ல் வெளிவந்த ஆய்வில் சந்தேகம் டியூபுலின் மேல் விழுந்தது. நுண்குழல்களைக் கட்டும் அதே டியூபுலின். மைட்டோகாண்ட்ரியாவின் புறச்சவ்வில் பெரிய துவாரப் புரதங்கள் உண்டு. உள்ளே வருவதும் வெளியே போவதும் பெரும்பாலும் அவற்றின் வழிதான். டியூபுலின் தன் வால்முனையை அந்தத் துவாரத்துக்குள் நீட்டி வழியைக் குறுக்கிவிடுகிறது. தனியே பிரித்த மைட்டோகாண்ட்ரியாவோடு டியூபுலினைச் சேர்த்தபோது, பழைய மந்தம் திரும்ப வந்தது. இது முழுக்க முடிந்த வழக்கு அல்ல. மந்தத்தில் ஒரு பகுதிக்குக் காரணம் வாசல் அல்ல, இழைக்குள் பரவ வேண்டிய தூரமே என்று வாதிடுபவர்களும் உண்டு.

வாசலை மறித்தால் ஆற்றல் குறையாதா என்று கேட்பீர்கள். அங்கேதான் சாமர்த்தியம். குறுகிய வழியில் காலி கிளாஸ் தயங்கி நிற்கிறது. சின்ன கிரியேட்டின் தடையின்றிப் புகுந்துவிடுகிறது. உள்ளே சவ்வுகளுக்கு இடையில் நிற்கும் கிரியேட்டின் கைனேஸ் அதற்குப் பாஸ்பேட்டைக் கொடுத்து, காலி கிளாஸை அங்கேயே உண்டாக்கி அங்கேயே திருப்பிவிடுகிறது. கிரியேட்டினைச் சேர்த்துச் சோதித்தால் மந்தம் வெகுவாகக் குறைவது இதனால்தான். அதாவது சட்டகம் கடையை மூடவில்லை. வாடிக்கையாளர் எல்லோரும் கடைக்குள் புகுந்து முண்டியடிக்காமல் கைமாற்று வரிசையில் வரும்படி வாசலில் நின்று ஒழுங்குபடுத்துகிறது. கயிறாக இருப்பதும் வாசற்காவலாக இருப்பதும் ஒரே சட்டகத்தின் இரண்டு வேலைகள்.

எல்லாத் தசையிலும் இந்தக் காவல் இருக்கிறதா என்றால், இல்லை. இதயத்திலும், நாள் முழுக்க நின்று உழைக்கும் மெதுவகை இழைகளிலும் மட்டுமே இந்த மந்தம் தெரிகிறது. சட்டென்று பாய்ந்து சட்டென்று சோரும் வேக இழைகளில் வாசல் ஏறக்குறைய திறந்தே கிடக்கிறது.

இந்த இரண்டு வகையையும் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவரிடம் சூரையைக் குறுக்காக வெட்டித் தரச் சொல்லுங்கள். பக்கவாட்டில் தோலிலிருந்து முள்ளை நோக்கி, கருஞ்சிவப்பாக ஒரு பட்டை போகும். பலர் அதை ரத்தக்கட்டு என்று நினைத்து நீக்கச் சொல்கிறார்கள். அது ரத்தக்கட்டு அல்ல, தசை. ஓயாமல் நீந்திக்கொண்டே இருக்க வேண்டிய சூரைக்கு அந்தப் பட்டைதான் நாள் முழுக்க வேலை செய்கிறது. ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினும் மைட்டோகாண்ட்ரியாவும் அதில் நெருக்கியடித்து இருப்பதால் அந்த நிறம். பதுங்கியிருந்து இரைமேல் பாயும் கொடுவாவை அதேபோல் வெட்டினால் சதை வெண்மையாக இருக்கும், சிவப்பு ஓரமாக மெல்லிய கோடாகவே தெரியும். அன்றைக்கு வகுப்புக்கு நான் வாங்கிப்போனது அரைக் கிலோ சூரைத் துண்டு. பாடம் முடிந்ததும் அது குழம்பாகிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உழைப்பு இந்த நிறத்தை மாற்றுமா? ஓரளவு மாற்றும். 1967-ல் ஜான் ஹோலோசி எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தபோது, அவற்றின் கால் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்திறன் ஏறத்தாழ இரட்டித்திருந்தது. தினமும் கூடை சுமக்கும் கால்களிலும் இதே திசையில்தான் மாற்றம் நடந்திருக்கும். ஆனால் எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது என்பதை டெஸ்மின் இல்லாத சுண்டெலிகள் காட்டிவிட்டன. அவற்றிலும் மைட்டோகாண்ட்ரியா பெருகத்தான் செய்தது. ஓரத்தில் குவிந்து பெருகியதில் யாருக்கும் பயனில்லை.

டூஷென் தசைச் சிதைவு நோயிலும் இந்தக் கதையின் சாயல் உண்டு. ஆண் குழந்தைகளைத் தாக்கும் இந்த நோயில் இல்லாமல் போவது டிஸ்ட்ரோபின். செல்லின் ஓரத்தில் ஆக்டினை வெளிச்சவ்வோடு பிணைக்கும் புரதம் அது. அது இல்லாத சுண்டெலிகளில் சவ்வு கிழிவதோடு, அதன் அடியில் சீரான கட்டமாக ஓடும் நுண்குழல்களும் தாறுமாறாகின்றன, மைட்டோகாண்ட்ரியாவின் வேலையும் சுணங்குகிறது. நோயின் பெரும்பங்கு சவ்வுக் கிழிசலால் வருவது. எல்லாவற்றையும் மைட்டோகாண்ட்ரியா தலையில் கட்டிவிடக் கூடாது.

இதையெல்லாம் இரண்டு மாலைகளில் சொல்லி முடித்த பிறகு, மாணவி தன் நோட்டில் இரண்டு படங்கள் வரைந்தாள். முதல் படம் அவரைக்கொட்டைகள். தேர்வில் அதைத்தான் வரையச் சொல்லியிருக்கிறேன், மதிப்பெண்ணோடு விளையாட முடியாது. இரண்டாவது, நோட்டின் கடைசிப் பக்கத்தில். பென்சிலில் நுண்ணிழைகள், சிவப்பில் மைட்டோகாண்ட்ரியாக்கள், நீல மையில் டெஸ்மின் கயிறு. பாதியில் பேனாவை நிறுத்திவிட்டு, “மிஸ், தசை சுருங்கும்போது கயிற்றை இறுக்கமாக வரையவா, தொய்வாக வரையவா?” என்று கேட்டாள்.

யோசிக்க வேண்டியிருந்தது. இசட் கோடுகள் நெருங்குவதால் நீளவாக்கில் போகும் கயிறு தொய்யும். நுண்ணிழைகள் அகலத்தில் புடைப்பதால் குறுக்குவாக்கில் போகும் கயிறு இறுகும். இரண்டையும் வரையச் சொன்னேன்.